ஒன்பதாம் சுருளில் ஒரு களவு

துப்பறிபவனின் காலணி எனக்கு இரண்டு அளவு பெரிது.
நுனியில் பழைய குதிரைப் பந்தயத் தாளைத் திணித்துக்கொள்வேன்.
அவளுடையது குதி உயர்ந்த கறுப்புத் தோல்,
கட்டைவிரலைக் கடிக்கும்.

முதலில் அவள் தப்பியோடுவாள்.
ஒரு காபி குடித்துவிட்டு வந்து
அதே மூன்றடிச் சிமெண்டுப் பலகையில்
நானே என்னைப் பின்தொடர்வேன்.

புவெனஸ் ஐரிஸின் வடக்கோரம், ஜூலைக் குளிர்,
ஐம்பத்தொன்றாம் ஆண்டு.
ஜன்னல்களில் மெத்தை அறைந்த அறை.
திரையில் மழை ஊமையாய்ப் பெய்யும்;
நான் தகரத்தில் அரிசியைச் சாய்ப்பேன்.
துப்பாக்கிக்குத் தோல்மெத்தையில் பிரம்படி.
கைவிலங்குக்கு என் வீட்டுச் சாவிக்கொத்து.
முத்தத்துக்கு
என் புறங்கையே போதும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, ஹிலாரியோ,
காதொலியை அழுத்திப் பிடித்தபடி
"இன்னும் ஒருமுறை, நெலிடா. ஈரம் போதவில்லை" என்பாய்.
மழையைச் சொன்னாயா, மற்றதையா,
நான் கேட்டதில்லை.

எல்லாப் படமும் ஏறக்குறைய ஒரே கணக்குதான்.
முதல் சுருளில் ஒரு பிணம்.
இரண்டில் ஒரு விதவை, அழாதவள்.
மூன்றில் அவளுக்கும் அவனுக்கும் நடுவே முப்பது அடி,
ஐந்தில் பன்னிரண்டு.
நஞ்சைக் கலந்தது யாரென்று அவனுக்குத் தெரியும் இரவில்
இடைவெளியே இருக்காது.
காதல் எங்கே தொடங்கிற்று என்று
வசனம் எழுதுகிறவர்கள் முடியைப் பிய்த்துக்கொள்வார்கள்.
என் பாதத்தைக் கேட்டால் சொல்லும்:
பின்தொடர்கிறவனின் நடை
முன்னால் போகிறவளின் தாளத்துக்கு மாறிய இடம்.
அதற்குமேல் அவன் தேடுவது துப்பு அல்ல,
சாக்கு.

அந்த வருடத்துப் படம். ஒன்பதாம் சுருள்.
துறைமுகம், மூடுபனி.
அவளைக் கப்பலேற விட்டுவிட்டு அவன் தனியே திரும்புகிறான்.
பதினேழு அடி. எண்ணித்தான் நடந்தேன்.
மறுநாள் ஓட்டிக் கேட்டால்
பதினேழுக்கும் அடியில் இன்னொரு நடை,
மெலிதாக, ஓரடி பிந்தி,
இடது குதியில் ஓர் ஆணி துருத்திக்கொண்டு.

"யார் இது?" என்று எகிறினார் இயக்குநர் பெந்தேரெச்சி.
"எதிரொலி" என்றாய் நீ.
ஒலிப்பதிவாளன் சொன்னால் அறையே நம்பும்.
மறுபடி பதிவு செய்யப் பணமும் தீர்ந்திருந்தது.
நான் நம்பவில்லை.
எதிரொலிக்கு ஆணி கிடையாது.

நாடாவைச் சுழலவிட்டு,
கதவின் கீல் முனகாமல் திறந்து
என் முதுகுக்குப் பின்னால் நடந்திருக்கிறாய்.
நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
என் காலில் வேறொருவன் காலணி.
படத்தில் நடந்த களவை ஊரே பார்க்கப்போகிறது.
அறையில் நடந்ததற்கு
நாடா மட்டும் சாட்சி.

அன்று மாலை டிராம் நிறுத்தம்வரை உன் பின்னால் வந்தேன்.
சொந்தக் காலணியில் ஓர் ஆளைப் பின்தொடர்ந்தது
அதுதான் முதல்முறை.
முப்பது அடி. டிக், டப். டிக், டப்.
செருப்புத் தைக்கும் கடை வந்தது,
நீ நிற்கவில்லை.
ரொட்டிக்கடை வந்தது, நின்றாய்.
எட்டுப் பிறை ரொட்டிகள், காகிதத்தில் கட்டி, நூல் சுற்றி.
ஒற்றை ஆள் தின்கிற அளவல்ல.

தாயோ, தமக்கையோ,
கதவைத் திறந்து பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும் வேறு கையோ.
தெருமுனை திரும்பினால் தெரிந்துவிடும்.
பன்னிரண்டு அடி இருந்தது நமக்குள்.
நான் நின்றுவிட்டேன்.
உன் ஆணிச் சத்தம் தேயும்வரை
எண்ணிக்கொண்டிருந்தேன், பதினேழுக்குப் பிறகும்.

செப்டம்பரில் படம் வெளியாயிற்று.
கொரியென்தெஸ் சாலைக் கொட்டகையில்
பின்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன்.
கைக்குட்டைகள் வெளியே வந்திருந்தன.
முன்னிருக்கைச் சிறுவன் மட்டும் தாயின் முழங்கையை இடித்தான்:
"அம்மா, அந்த ஆளுக்குப் பின்னாலே யாரோ வர்றாங்க."
"கப்பல்தான் போய்விட்டதே" என்றாள் அவள்,
கோட்டை மாட்டிக்கொண்டே.